பல் வந்தது, சொல் போனது

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். தங்கம்மா விஷயத்தில் அது தலைகீழாக நடந்தது. மேல்வரிசையில் முன்பல் இல்லாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரிந்த மாதங்களில் அவள் சொல்லுக்கு எஸ்டேட்டில் ஒரு குறைவும் வரவில்லை. பல் வைத்துக்கொண்டு வந்த பிறகுதான் அது போயிற்று.

சேலத்துக்கு மேலே மலையில், வாழவந்தி பஸ் போகிற சாலையிலிருந்து பிரிந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வளைந்து ஏறுகிற மண்பாதை முடியும் இடத்தில் இருக்கிறது அந்தக் காப்பி எஸ்டேட். கீழ்நாட்டில் கிணறெல்லாம் வற்றிப்போன ஒரு வருடத்தில் பிழைப்புத் தேடி மலையேறி வந்த குடும்பம் தங்கம்மாவுடையது. அவள் பிறந்தது அங்கே, எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில். வாழ்க்கைப்பட்டதும் அதே லைனில், நாலு கதவு தள்ளி. பெண்ணழைப்புக்குத் தூரமே போதவில்லை என்று லைனை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

புருஷன் மாரிசாமி காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழிக்கிற ஆள். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு உச்சாணிக் கொம்பு வரை போவான். என்றைக்காவது விழுந்து தொலைவான் என்று தங்கம்மா வாழ்நாளெல்லாம் பயந்தாள். அவன் மரத்திலிருந்து விழவில்லை. மஞ்சக்காமாலை வந்து பாயிலேயே போனான். ஒரே மகள் கமலாவை அடிவாரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. அங்கே மாமனார் மாமியாரோடு சேர்த்து ஒரு ரூமும் ஒரு அடுப்படியும். அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள கமலாவுக்கு மனசிருந்தது, சுவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே தங்கம்மாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த லைன் வீடுதான். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர் ஒருவராவது வீட்டில் இருந்தால்தான் வீடு. வேலை நின்றால் பாத்திரத்தை வெளியே எடுத்து வைக்க வேண்டியதுதான், வேறு பேச்சில்லை. அவளுக்கோ வலது முட்டி தேய்ந்துபோய்விட்டது. பழம் பறிக்க மேட்டில் ஏறினால் இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவளுக்குச் சாய்ந்துகொள்ள மிஞ்சியிருந்தது களம்.

களம் என்றால் சிமெண்டுத் தளம். தோல் நீக்கிக் கழுவிய காப்பிக்கொட்டையை அதில் பரப்பி, பலகையால் தள்ளித் தள்ளிக் காயவைப்பார்கள். பொழுது சாயும்போது குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். காலையில் பனி விலகியதும் மறுபடி பரப்புவார்கள். இதையெல்லாம் யாரும் செய்யலாம். ஆனால் எப்போது மூட்டை கட்டுவது என்று ஒருவர் சொல்ல வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் எடை போகும், கொட்டை உடையும். பெரிய எஸ்டேட்டுகளில் அதற்கு மெஷின் இருக்கிறது. இங்கே தங்கம்மாவின் பல் இருந்தது.

ஒரு கொட்டையை எடுத்து முன்பற்களுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்துவாள். காயாத கொட்டை பல்லுக்குக் கொஞ்சம் வழிவிடும். ஆறிப்போன வெல்லப்பாகைக் கடித்தாற்போல உள்ளே ஒரு மெத்து இருக்கும். காய்ந்த கொட்டை வழிவிடாது. இடைப்பட்ட பதங்களும் அவள் பல்லுக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சின்ன வயதில் பசிக்குக் கொட்டையைக் கடித்துக் கடித்துத் துப்பிய பழக்கம். கணக்கெழுதி ஆட்களை வேலை வாங்குகிற ரைட்டர், முன்பிருந்த ஒருவர், அதைக் கவனித்து, "நீ சொல்றப்ப கட்டலாம்" என்றார். அன்றிலிருந்து சாக்குத் தைக்கிறவன் ஊசியை எடுக்குமுன், "தங்கம்மாக்கா சொல்லிட்டாங்களா?" என்று கேட்பது வழக்கமாயிற்று.

அந்தப் பல்தான் ஆட ஆரம்பித்தது.

கடைவாய்ப் பற்கள் வெற்றிலை புகையிலையோடு எப்போதோ ஒவ்வொன்றாகப் போய்விட்டிருந்தன. அவற்றுக்காக அவள் வருத்தப்பட்டதில்லை. இப்போது மேல்வரிசையின் முன்பற்கள் நாலும் நாக்கு பட்டாலே அசைந்தன. ஈறு வீங்கி இட்லியைக்கூடத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள். மழைக்காலத்தில் கமலா அவளை சேலத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பெயர் அபிஷா. சின்னப் பெண், தெற்கத்திப் பேச்சு. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேர்ல பிடிப்பே இல்லம்மா. வெச்சிருந்தா சீழ்தான் கட்டும்" என்றாள். நாலும் போயின.

வீடு திரும்பிய தங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு லைனில் நடந்தாள். த, ந, ச எல்லாம் காற்றாக வந்தது. 'தண்ணி' என்றால் எதிரில் இருப்பவர்கள் 'என்னக்கா?' என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு மேகலாதான் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மேகலாவின் புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் கண்டுவிட்டான். அவளும் களத்தில்தான் வேலை. கொட்டையைத் தள்ளுவது, குவிப்பது, மூடுவது.

"ஏனுங்க்கா, பல்லு போயும் திட்டு மட்டும் கொறையலீங்களே" என்பாள் மேகலா, கஞ்சியை ஆற்றிக்கொண்டே.

"பல்லுலயாடி திட்டறாங்க? நாக்குலதானே" என்று தங்கம்மா சொல்ல, பாதி எழுத்து காற்றில் போக, இரண்டு பேரும் சிரிப்பார்கள். மேகலாவின் முன்னால் மட்டும் அவள் முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

காய் பழுக்கத் தொடங்கியபோது ரைட்டர் ஜாபெஸ் வந்து வாசலில் நின்றார். எஸ்டேட் லாரி ஓட்டியவரின் மகன்; தங்கம்மா தூக்கி வளர்த்த பிள்ளைதான். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் யோசிப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"அக்கா, பல்லு இல்லாம களத்த எப்படிப் பாப்பீங்க? இந்த சீசன் மேட்டுக்குப் போயிருங்க. களத்துக்கு மேகலா இருக்கட்டும். கடிச்சுப் பாக்க அவளே பழகிக்குவா."

"முட்டி இருக்குதுங்களே சாமி..."

"முட்டி எல்லாத்துக்குந்தான் இருக்குது."

அவர் போன பிறகு தங்கம்மா நெடுநேரம் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மேட்டில் ஒரு வாரம் தாங்கலாம். அப்புறம் படுக்கை. படுத்தால் வேலை போகும், வேலை போனால் வீடு. அடிவாரத்துச் சுவர் அவள் கண்முன் வந்தது. மறுநாள் கமலாவுக்குப் போன் போட்டு, "எனக்குப் பல்லு வெக்கோணும் கண்ணு" என்றாள்.

இரண்டாவது முறை போனபோது டாக்டர் அபிஷா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பக்கத்துப் பற்களிலும் உறுதி இல்லை. அவற்றைப் பிடித்து நிரந்தரமாகக் கட்ட முடியாது. கழற்றி மாட்டுகிற செட்தான் சரி. ஒரு தகட்டில் நாலு பல், ஓரத்தில் சின்னக் கம்பிக் கொக்கி. வாய்க்குள் மாவு வைத்து அளவு எடுத்தார்கள். தங்கம்மாவுக்குக் குமட்டிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சிரிக்கிற மாதிரி பழைய போட்டோ ஏதாவது இருக்கா? பார்த்து அதே மாதிரி பண்ணிரலாம்" என்றாள் டாக்டர்.

கமலா போனில் தன் கல்யாணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அம்மா உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். "எங்கம்மா ஒரு போட்டோவுலயும் பல்லக் காட்டலீங்க டாக்டர். திட்டறப்ப எடுத்திருந்தா வரிசையாத் தெரிஞ்சிருக்கும்."

தங்கம்மா இரண்டு விரலை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் காட்டினாள். "நடுவுல ரெண்டும் இப்படி ஏறி உக்காந்திருக்குமுங்க. பஸ்ல எடமில்லாம உக்கார்ற மாதிரி."

"நேரா வெச்சா அழகா இருக்கும்மா."

"அழகு வேண்டாமுங்க. என்ற பல்லு மாதிரி இருக்கோணும்."

நிறம் பார்க்கப் பல் மாதிரிகள் கோத்த ஒரு பட்டையை நீட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் வெள்ளையாகக் கேட்பார்களாம். தங்கம்மா விரல் மங்கலான மாதிரிகளின் பக்கம் போய், கடைசிக்கு ஒன்று முன்னால் நின்றது. வெற்றிலைக் கறையின் ஒரு நிழல்கூட ஓரத்தில் இருக்கட்டும் என்றாள். டாக்டருக்கு அது வேடிக்கையாக இருந்தது. செய்து தருகிறேன் என்றாள். தங்கம்மா கணக்கு வேறு. பார்த்தால் செட் என்கிற ஞாபகமே ஜாபெஸுக்கு வரக்கூடாது. ஞாபகம் வந்தால் மேடுதான்.

செட் வந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். ஏறி உட்கார்ந்த பல், மங்கல், கறை எல்லாம் அப்படியே. போன பற்கள் வழி தெரிந்து திரும்பி வந்த மாதிரி இருந்தது. கமலா அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அய்யோ, பழையபடி திட்டு வாங்கோணுமே" என்றாள்.

"ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வையுங்க. சுடுதண்ணி கூடாது, வளைஞ்சிரும்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டு போனாள். "முக்கியமா, முன்பல்லால எதையும் நறுக்குனு கடிக்கக் கூடாது. பாக்கு, முறுக்கு, கரும்பு எதுவும் வேண்டாம். இது பேசறதுக்கும் பார்க்கறதுக்கும், மெதுவா சாப்பிடறதுக்கும்தான்."

"சரிங்க" என்றாள் தங்கம்மா. காப்பிக்கொட்டையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கமலா ஒரு முறை அம்மாவைப் பார்த்தாள்.

மலையேறுகிற பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாயைக் கையால் பொத்திக்கொண்டே வந்தாள், வாந்தி வந்து பல்லும் சேர்ந்து ஜன்னலுக்கு வெளியே போய்விடுமோ என்று.

லைனில் எல்லாரும் வந்து வாயைப் பார்த்தார்கள். "நொம்ப நல்லா இருக்குதுக்கா, புடுங்குனதேதான் திரும்ப வெச்சுட்டாங்களா?" என்றாள் மேகலா. ஜாபெஸ் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, "அட, அசலு மாதிரியே இருக்குது. அப்ப களத்துக்கே வந்துருங்க" என்றார். அத்தோடு அவருக்கு அந்த விஷயம் முடிந்தது.

சீசனின் முதல் கொட்டை களத்துக்கு வந்தது. நாலைந்து வெயில் போன பிறகு தங்கம்மா ஒரு கொட்டையை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள்.

டக்.

அவ்வளவுதான். மெத்தும் இல்லை, வழிவிடலும் இல்லை. அன்று காலையில்தான் கழுவிப் பரப்பிய பச்சை ஈரக்கொட்டை ஒன்றை எடுத்துக் கடித்தாள். அதுவும் டக். தகடு லேசாக ஆடி ஈறில் இடிக்கிற சத்தம் அது. பல்லுக்கு மேலே ரோஸ் நிறத் தகடு, தகட்டுக்கு மேலே ஈறு. கொட்டை சொன்னதெல்லாம் அந்தத் தகட்டோடு நின்றுவிட்டது. அவளுக்கு எட்டவில்லை. பக்கத்துப் பல்லில் வைத்துப் பார்த்தாள். உச்சி வரைக்கும் வலித்தது. கொட்டையைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள், நகத்தால் கீறினாள், உடைத்து நிறம் பார்த்தாள். கண் ஒன்று சொன்னது, காது ஒன்று சொன்னது. இத்தனை வருடம் அவள் கண்ணையும் காதையும் கேட்டதே இல்லை.

"என்னக்கா, ஆச்சுங்களா?" என்று ஜாபெஸ் மேலிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னொரு வெயிலு போகட்டுமுங்க" என்றாள். அந்த வாரம் வெயில் பல்லை இளித்துக்கொண்டு அடித்தது. ஒரு வெயிலுக்கு இரண்டு வெயிலாகவே விட்டாள். முதல் மூட்டைகள் நன்றாகப் போயின. வியாபாரி குறை சொல்லவில்லை. தங்கம்மா மூச்சு விட்டாள். பழகினால் வந்துவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

பொங்கலை ஒட்டி வானம் மூடிக்கொண்டது. மலை ஏரிப் பக்கமிருந்து பனி வந்து களத்தின் மேல் படுத்தது, மதியம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. வெயில் வந்தாலும் சோகை பிடித்த வெயில். களத்தில் கொட்டை நிறைந்து கிடந்தது. மேட்டிலிருந்து பழம் வந்துகொண்டே இருந்தது, பரப்ப இடமில்லை. ஜாபெஸ் ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து நின்றார்.

"காஞ்சுருச்சான்னு பாருங்கக்கா. அடுத்தது நனைஞ்சு நாறிட்டு நிக்குது."

தங்கம்மா கடித்தாள். டக். இன்னொன்றைக் கடித்தாள். டக். காய்ந்த கொட்டைதானே இப்படி வழிவிடாது என்று ஒரு மனசு சொன்னது. ஈரக்கொட்டையும் இதே சத்தம்தானே போட்டது என்று இன்னொன்று சொன்னது.

பலகையை நிறுத்திவிட்டு மேகலா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "நானு ஒண்ணு கடிச்சுப் பாக்கட்டுங்களாக்கா? சும்மா, ஒரு தடவ."

அப்போது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மேகலாவுக்கு இளம்பல், முத்து மாதிரி. கடித்துச் சொல்லியிருப்பாள். ஆனால் 'அவளே பழகிக்குவா' என்று ஜாபெஸ் சொன்னது தங்கம்மாவின் காதில் இன்னும் கிடந்தது. இன்றைக்கு ஒரு தடவை கடிப்பாள், நாளைக்குக் களம் அவளுடையது.

"உனக்கென்னடி தெரியும்? பல்லு இருந்துட்டாப் பதம் தெரிஞ்சுருமா? போயித் தள்ளற வேலையப் பாரு."

மேகலாவின் முகம் சுருங்கியது. பலகையை எடுத்துக்கொண்டு களத்தின் அடுத்த மூலைக்குப் போய்விட்டாள்.

"கட்டலாமுங்க" என்று தங்கம்மா ஜாபெஸைப் பார்த்துச் சொன்னாள். தங்கம்மா சொல்லிவிட்டாள், ஊசி எடுத்தார்கள், சாக்கைத் தைத்தார்கள்.

மாசி பிறந்து வியாபாரி லாரியோடு வந்தார். குத்தூசியை மூட்டைக்குள் செருகி எடுத்து, கொட்டையை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார். அடுத்த மூட்டை. அடுத்தது. பேசாமல் கையை ஜாபெஸின் மூக்குக்கு நேரே நீட்டினார். மழையில் கிடந்த சாக்கின் நாற்றம். கொட்டையின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். பொங்கல் சமயத்தில் கட்டிய அத்தனை மூட்டையும் அப்படித்தான். லாரி பாதி காலியாகவே இறங்கிப் போயிற்று. ஓனர் போனில் கத்தியது குடோனுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

ஜாபெஸுக்கு யாரையாவது காட்டியாக வேண்டும். தங்கம்மாவின் பக்கம் அவர் புத்தி போகவே இல்லை. தங்கம்மா சொல்லித் தப்பானதாக எஸ்டேட்டில் ஒரு நாளும் கிடையாது. அப்படியானால் காய்ந்த கொட்டையில் ஈரம் எப்படி ஏறியது? கட்டச் சொன்ன பிறகு, தைப்பதற்காகக் குவித்து வைத்திருந்த ராத்திரிகளில் சரியாக மூடாததால். மூடுகிறவள் மேகலா.

களத்து ஓரத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார். "தார்ப்பாய ஒழுங்கா இழுத்து மூடுனியா இல்லியா?"

"மூடுனேனுங்க. நாலு பக்கமும் கல்லு வெச்சு மூடுனேனுங்க."

"மூடுனா எப்படிப் பனி எறங்குச்சு? கல்லு நவுந்து போயி டீ குடிச்சுட்டு வந்துச்சா?"

சிரிப்பு எழுந்தது. மேகலாவின் கண் நிறைந்துவிட்டது. திரும்பி, "அக்காளக் கேளுங்க. அவிங்களுக்குத் தெரியும். சொல்லுங்கக்கா" என்றாள்.

எல்லாக் கண்ணும் தங்கம்மாவின் மேல் வந்து நின்றது. மேகலா கல் வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் கூட நின்று ஒரு மூலையைப் பிடித்தவளே அவள்தான். ஆனால் மூடியது சரி என்றால் காயவில்லை என்றாகும். காயவில்லை என்றால் ஏன் கட்டச் சொன்னாய் என்பார்கள். அதற்கு மேல் வாயைத் திறந்துதான் காட்ட வேண்டும்.

"எனக்கென்ன தெரியுமுங்க? நானு பொழுதோட ஊட்டுக்குப் போயிட்டனுங்க. முட்டி வலி."

செட் மாட்டிய நாளிலிருந்து அவளுக்குப் பேச்சில் ஒரு தடுக்கல் இருந்துகொண்டே இருந்தது, நாக்குப் பழகவில்லை. அன்று ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. அத்தனை பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

மேகலா தங்கம்மாவின் முகத்தையே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளைக் களத்திலிருந்து எடுத்து மேட்டுக்கு அனுப்பினார்கள். மேட்டில் பறிப்புப் பெண்கள் அவளுக்கு 'தார்ப்பாய்' என்று பேர் வைத்தார்கள். "ஏய் தார்ப்பாய், பைய மூடிட்டு வா, பனி எறங்கிறப் போகுது." "தார்ப்பாயக் கேளுங்க, அவ மூடுனா மூடுனதுதான்." பூசணத்தால் அந்த வருடம் ஊக்கத்தொகை இல்லை என்று ஓனர் சொல்லிவிட, கேலியில் நஞ்சும் சேர்ந்தது. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். லைனில் குழந்தைகள்கூட அந்தப் பேரைக் கற்றுக்கொண்டன. ஒரு நாள் மேகலா, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், போகிறேன் என்று வீட்டுச் சாவியை ஜாபெஸிடம் கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தங்கம்மா குடோனுக்குப் போனாள். அவள் ஈறு புண்ணாகியிருந்தது. கொட்டையைக் கடித்துக் கடித்துத் தகட்டின் விளிம்பு சதையில் இறங்கி, எச்சில் விழுங்கினாலே எரிந்தது.

"ஏனுங்க ரைட்டரு, ஒண்ணு சொல்லோணும். அந்தப் புள்ள மூடித்தான் வெச்சா. கொட்டைதான் காயலீங்க. எனக்குத் தெரியல. இந்தப் பல்லுல ஒண்ணும் தெரியலீங்க."

ஜாபெஸ் எடைத் தராசைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அவ மேல பாசம், புரியுதுக்கா. அதுக்காக இப்படியா? நல்லாத்தானே இருக்குது உங்க பல்லு. அசலுக்கும் இதுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியல."

தங்கம்மா கொக்கியை விரலால் நெம்பிச் செட்டைக் கழற்றி, எச்சிலும் ஒரு துளி ரத்தமுமாக, தராசுத் தட்டில் வைத்தாள். உதடு உள்ளே விழுந்து முகம் சட்டென்று கிழடு தட்டியது. ஜாபெஸின் கை நின்றுவிட்டது. பார்க்கக்கூடாததைப் பார்த்தவர் போல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எடுத்து வாயில போடுங்கக்கா மொதல்ல. யாராச்சும் வந்துருவாங்க."

"அவளப் போவேண்டாம்னு சொல்லுங்க."

"இப்பச் சொல்லி என்னங்க்கா பண்றது? மூடாம வுட்டதுதான்னு ஓனருகிட்டச் சொல்லியாச்சு. அவரும் ஒத்துக்கிட்டாரு. இப்பப் போயி, இல்லீங்க, வருசக்கணக்கா ஒரு பொம்பள பல்ல நம்பி மூட்ட கட்டிட்டு இருந்தோம், அந்தப் பல்லும் பொய்யிப் பல்லுன்னு சொல்லட்டுமா? என்ற வேல இருக்குமா?" குரலைத் தாழ்த்தினார். "நீங்க களத்துலயே இருங்க. உங்கள யாரும் ஒண்ணும் கேக்கல."

மறுநாள் காலை மேகலா மண்பாதை சாலையைத் தொடுகிற இடத்தில் பஸ்ஸுக்கு நின்றாள். ஒரு பை, ஒரு குடம், சுருட்டிய பாய். தங்கம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். வாயில் செட் இல்லை; புண் அதை ஏற்கவில்லை.

"மேகலா, அந்தக் கொட்ட... எனக்குப் பதமே தெரியலடி. நாந்தான்..."

"தெரியுமுங்க்கா."

தங்கம்மா அவளைப் பார்த்தாள்.

"நீங்க கடிக்கறப்பச் சத்தமே வேற மாதிரி கேட்டுச்சு. முன்ன சத்தமே வராது உங்களுக்கு. அதுனாலதான் நானு கடிச்சுப் பாக்கட்டுங்களான்னு கேட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்லிருப்பேன். வெளிய தெரியாமப் பாத்திருக்கலாம்." மேகலா பாயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அழவில்லை. "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களே, அப்ப நானும் இதச் சொல்லிருக்கலாம். சொன்னா உங்க ஊடு போயிரும். எனக்கு வயசு இருக்குது, எங்கயாச்சும் போயிப் பொழச்சுக்குவேன்னு நெனச்சேன். ஆனா நீங்க அப்படிச் சொல்லுவீங்கன்னு நெனக்கலீங்க."

பஸ் வந்தது. குடத்தை உள்ளே வாங்க யாரோ கை நீட்டினார்கள். மேகலா ஏறி, தங்கம்மா நின்ற பக்கத்தை விட்டு மறுபக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாள் காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது ஜாபெஸ், "தங்கம்மாக்கா, களம்" என்றார்.

"மேட்டுக்குப் போறேனுங்க."

"முட்டி?"

அவள் பறிப்புப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள். வாய் குழிந்திருப்பதை எல்லாரும் பார்த்தார்கள். முந்தானை தோளிலேயே கிடந்தது. ஜாபெஸ் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

கடைசிப் பறிப்பு. செடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பழம் இருந்தது. ஒரு செடிக்கும் மறு செடிக்கும் நடுவே மிளகுக்கொடி சுற்றிய மரங்களைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். முட்டிக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. மேல் வரிசையில் பார்வதி என்கிற பறிப்புக்காரி யாருக்கோ சொல்லிச் சிரித்தாள்: "தார்ப்பாய் திருப்பூருக்கே போயிட்டாளாம். அங்க பனியனையாச்சும் மூடுவாளா?"

தங்கம்மா நிமிர்ந்தாள். ஒரு மரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "மேகலா மூடித்தான் வெச்சா" என்றாள்.

தகரமும் வகரமும் ஈறில் வழுக்கிக் காற்றாகப் போயின. பார்வதி காதைச் சாய்த்தாள். "என்னக்கா சொல்றீங்க? புரியல."

"மூடித்தான் வெச்சா. நாந்தான் ஈரத்தக் கட்டச் சொன்னேன்."

"தண்ணி வேணுங்களாக்கா? ஏய், அக்காளுக்குத் தண்ணி எடுங்கடி."

ஒரு பாட்டில் கைமாறிக் கைமாறிக் கீழே வந்தது. தங்கம்மா அதை வாங்கிப் பக்கத்துச் செடியின் அடியில் வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து, இன்னும் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள்.